நாற்பத்திரண்டு பேரில் பாக்கி

கழித்தல் கணக்கில் தப்பு வந்தால் அழாதீர்கள், கண்ணுகளா. நாற்பது வயதில் கழித்தல் கற்றுக்கொண்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் போட்ட முதல் கணக்கு தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவதைப் பார்த்ததும் அவள் புருஷன் ஸ்லேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானே எழுந்து அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். அவர் அடுப்புப் பக்கம் வந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. அவ்வளவு மோசமான கணக்கு.

அவள் பெயர் கண்ணம்மா. கடல் தாண்டிய ஒரு தீவில், ஜங்லிகாட் என்கிற இடத்தில், எங்களுக்குப் பக்கத்து வீடு. எல்லாமே பலகை வீடுகள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு இல்லையென்று யாராவது முனகினால் இந்தப் பக்கம் நான் உப்புச் சாடியை எடுத்துவிடுவேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டாம் மாதம் கப்பலில் வந்து இறங்கியவள். வாந்தியெடுத்து வாந்தியெடுத்து ஜெட்டி என்கிற கப்பல்துறையில் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வந்த என்னைப் பார்த்து, "ஏ ஜெயமணி, கடல் உன்ன முழுசாவா அனுப்பிருக்கு, பாதிதான் வந்திருக்க போல"என்று சிரித்தவள் அவள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா.

நான் சொல்வது அறுபத்தாறாம் வருடம், மழை ஓய்ந்த பிறகு.

எங்களுக்கு வேலை எதிர்க்கரையில். அங்கே மரக்கன்றுத் தோட்டம் ஒன்று இருந்தது, நர்சரி என்போம். ஆள் நிறைய வரும் நாளில் நாற்பத்திரண்டு பெண்கள். காலையில் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறிப் போய், சாயங்காலம் லாஞ்சிலேயே திரும்புவோம். லாஞ்ச் ஓட்டியவர் தங்கையா. அவருடைய தாத்தா காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ்ப் பெயர் மட்டும் வழிவழியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சு பாதிக்குமேல் இந்தி. லாஞ்சில் ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர். இருபத்தாறாவது ஆள் அழுதாலும் ஏற்ற மாட்டார். அதனால் போகும்போதும் இரண்டு நடை, வரும்போதும் இரண்டு நடை.

கன்றுகளைப் பிடுங்கிப் பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டுவோம். பத்து சேராமல் நிற்பது உதிரி. 'மூணு கட்டு, நாலு உதிரி' என்று யாராவது கத்தினால் முப்பத்து நான்கு என்று எங்களுக்கு அர்த்தம். இது ஞாபகம் இருக்கட்டும். கணக்குக்கு வேண்டும்.

அந்த ஆடிமாத மழையில் கண்ணம்மா அக்கா ஜெட்டிப் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது முழங்கால் மடங்கவில்லை. கன்று நடுவது குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. மடங்காத காலோடு எப்படிக் குந்துவது? கன்று பிரிக்கிற மேஜை அருகில் நின்றபடி சில நாள் சமாளித்தாள். அதைத் தனி வேலையாக எழுத முடியாது என்று ஓவர்சியர் பாலசுப்பிரமணியம் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஏம்மா, உக்கார முடியாதவங்களை நான் எந்த வேலையில காட்டுறது? ஒரே வழிதான் இருக்கு. மேட் ஜம்புலிங்கம் அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்குத் திரும்புறார். மேட் வேலை நின்னுக்கிட்டுச் செய்யலாம். உனக்கு ஹாஜிரிப் புத்தகம் எழுத வருமா?"

வேலையாட்களை எண்ணி மேற்பார்ப்பவர் மேட்; அவர் எழுதும் ஆள் கணக்குப் புத்தகத்துக்கு அங்கே ஹாஜிரி என்று பெயர். மூன்று கட்டம் இருக்கும். காலையில் வந்தவர் எத்தனை, கரை திரும்பியவர் எத்தனை, மீதி எத்தனை. கண்ணம்மா அக்கா ஊரில் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். எண் எழுதுவாள், கூட்டுவாள். கழித்தல் ஆரம்பிக்கும்போது தம்பி பிறந்தான்; பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள்.

"வரும்ங்க"என்று சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமை நானே வந்து பாக்குறேன். சரியா எழுதினா நீதான் மேட். இல்லேன்னா வேற கேம்ப்லேருந்து ஆள் கொண்டுவரணும். நீ வீட்டுல இருந்துக்க வேண்டியதுதான்."

அவளுக்குப் பிள்ளை இல்லை. குழந்தைவேலு அண்ணன், அதாவது அவள் புருஷன், காலையில் மரமில்லுக்குக் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். லாஞ்சில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்த நாப்பது பேரு வாயை விட்டுட்டு அந்தப் பலகைச் சொவத்தப் பாத்துக்கிட்டு நாள் பூரா உக்காந்திருந்தேன்னா எனக்குப் புத்தி பேதலிச்சிரும்டி."

அன்று சனிக்கிழமை; வியாழனுக்கு நடுவில் நான்கு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடம் ஆரம்பமானது. வாத்தியார் குழந்தைவேலு அண்ணன். ஐந்தாம் வகுப்பு படித்தவர், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டுல அஞ்சு போக எவ்வளவு?"

வளையலை உருட்டும் சத்தம் கேட்டது.

"கேக்குறேன்ல புள்ள, சொல்லு."

"எங்க போக?"

"எங்கயோ போக! கணக்குல எங்க போனா உனக்கென்ன?"

"போறவுக எங்க போறாகன்னு தெரிய வேணாமா? அதுவுமில்லாம, வெறுமனே 'போக'ன்னு சொல்லாதீங்க. வாயில நல்ல வார்த்தை வரட்டும். 'போயிட்டு வர'ன்னு சொல்லுங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று நாம் யாரும் சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதானே சொல்கிறோம். தினமும் கடல் தாண்டிய எங்களுக்கு அது இன்னும் கெட்டி. லாஞ்சில் ஏறிவிட்டால் 'நேரம் போச்சு' என்றுகூட ஒருத்தி சொல்ல மாட்டாள். 'நேரமாச்சு' என்பாள். தவறிச் சொன்னவள் தொடையில் பக்கத்திலிருப்பவள் கிள்ளுவாள்.

"சரி தாயி"என்றார் அண்ணன். "பன்னெண்டுல அஞ்சு போயிட்டு வர எவ்வளவு?"

"பன்னெண்டு."

முறம் என் கையிலிருந்து நழுவிவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"எப்படிடீ பன்னெண்டு?"

"போன அஞ்சும் வந்துருச்சுல்ல?"

"வரலடீ! வராது! அப்படியே போயிருச்சு!"

"அப்படிச் சொல்லாதீங்கன்னேன்ல!"

கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு அண்ணன் தணிந்த குரலில் ஆரம்பித்தார். "இந்தா பாரு. இதுல பன்னெண்டு கருவாடு இருக்கு. பூனை வந்து அஞ்சைத் தூக்கிருச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் இல்ல."

"வீட்டைத் தொறந்து போட்டுட்டா?"

அதற்குமேல் கருவாட்டை விட்டுவிட்டு ஸ்லேட்டில் எழுதிக் கொடுத்தார். முப்பத்து நான்கு, அதன் கீழே பதினெட்டு. அக்கா வேகமாகப் போட்டாள். விடை இருபத்து நான்கு. எப்படி என்று கேட்டார்.

"மேல நாலு, கீழ எட்டு. நாலுல எட்டை எடுக்க முடியாது. பெருசுலேருந்துதான் சிறுசை எடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. அதான் எட்டுலேருந்து நாலை எடுத்தேன். நாலு. மூணுல ஒண்ணு எடுத்தா ரெண்டு."

உங்களில் பாதிப் பேர் இதையே போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பதை எடுக்க வேண்டும், தலைகீழாக எடுக்கக்கூடாது. ஆனால் நாலில் எட்டு இல்லையே, என்ன செய்வது?

"பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்"என்றார் அண்ணன்.

"ஜெயமணிகிட்டயா?"

"கணக்குலடீ! மூணுகிட்ட!"

"இந்த ஊருக்கு வந்து பதினஞ்சு வருஷத்துல யாரு வாசல்லயாவது கடன்னு நின்னிருக்கமா? இப்ப மூணுகிட்ட நிக்கச் சொல்றீங்க. அதுவே மூணுதான் வச்சிருக்கு, பாவம்."

அப்போதுதான் ஸ்லேட்டைக் கவிழ்த்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அண்ணன் டீயை டம்ளரில் ஆற்றுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை லாஞ்சில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'பன்னெண்டுல அஞ்சு போயிட்டு வர பன்னெண்டு' என்ற கதையை எடுத்துவிட்டேன். இருபத்தைந்து பேரும் சிரித்ததில் லாஞ்சே ஒரு பக்கம் சாய்ந்தது. அக்காவும்தான் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. என்னவென்று தங்கையா கேட்டார். நான் கையையும் காலையும் ஆட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"தீதி"என்றார் அக்காவைப் பார்த்து. அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஜானேவாலா சோடோ, அவங்கள விடுங்க. போனவங்கள நான் கரை சேத்தாச்சு. அவங்க வீட்டுல, கர்ல உக்காந்து சாய் குடிக்கிறாங்க. அவங்கள எதுக்கு எண்ணணும்? நான் திரும்ப வர்றது யாருக்காக? கரையில நிக்கிறவங்களுக்காக. அதனாலதான் நான் என்ன கேக்குறேன், ரோஜ் ரோஜ்? கித்னா பாக்கி? இன்னும் எத்தன பேரு பாக்கி? அவ்வளவுதான்."

உண்மைதான். முதல் நடையை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, லாஞ்ச் கரை சேருமுன்பே தண்ணீரிலிருந்து அவர் "கித்னா பாக்கி?" என்று கத்துவது தினமும் எங்கள் காதில் விழுவதுதான்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். நான் தப்பாக எதையும் சொல்லிவிடவில்லையே என்று திரும்பினேன்.

"அப்ப யாரும் எங்கயும் போகலடி"என்று காதோடு சொன்னாள். "கரையில யாரு நிக்கிறாகன்னு பாக்குறதுதான் கழிக்கிறது. பன்னெண்டு பேரு. அஞ்சு பேரு வீட்டுல டீ குடிக்கிறாக. பாக்கி ஏழு பேருக்கு லாஞ்ச் வரணும்."

"ஏழுதான் அக்கா"என்றேன். இந்தத் தடவை அவள் கண்ணும் சிரித்தது.

கடன் விவகாரம் செவ்வாய்க்கிழமை தீர்ந்தது. பிரிக்கும் மேஜையில் மூன்று கட்டும் நான்கு உதிரியும் இருந்தன. மீனாம்பாள் கூடையோடு வந்து, "பதினெட்டு குடு கண்ணம்மா, குழி தோண்டி வச்சிருக்கு"என்றாள். அக்கா ஒரு கட்டை எடுத்துக் கூடையில் வைத்தாள். அது பத்து. இன்னும் எட்டு வேண்டும். உதிரியோ நான்குதான். தினமும் செய்கிற மாதிரி இன்னொரு கட்டின் நாரை அவிழ்த்து, அந்தப் பத்தையும் உதிரியோடு சேர்த்தாள். உதிரி பதினான்கு ஆனது. அதிலிருந்து எட்டை எண்ணி மீனாம்பாள் கூடையில் போட்டாள். போட்டவள் நாரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மேஜையில் ஒரு கட்டு, ஆறு உதிரி.

"ஏ ஜெயமணி! ஓடியா! முப்பத்து நாலுல பதினெட்டு. பாக்கி பதினாறு! இதத்தான் அந்த மனுஷன் கடன் கடன்னு சொன்னாரா?"

"கட்டை அவுக்கிறதுன்னு சொல்லிருந்தா ஞாயித்துக்கெழமையே முடிஞ்சிருக்குமே"என்றேன்.

"யாருகிட்டயும் கையேந்தலடி. நம்ம கட்டு. நம்மளே அவுத்துக்கிட்டோம். மூணு கட்டு இருந்துச்சு, ஒண்ணை அவுத்தாச்சு, இப்ப ரெண்டு. அந்த ரெண்டுல ஒண்ணைக் குடுத்தா மிச்சம் ஒண்ணு."

"எனக்குக் கன்னு கெடைச்சிருச்சு, நான் நடட்டுமா?"என்று கேட்டுவிட்டு மீனாம்பாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பால் அக்காதான் வாத்தியார். அண்ணன் கேள்வி மட்டும் கேட்டார். "சரி, போட்டது சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்குவ? ஓவர்சியர் கேப்பாரே?"

"குடுத்ததையும் பாக்கியையும் திரும்பச் சேத்துக் கூட்டுவேன். பதினெட்டும் பதினாறும் முப்பத்து நாலு. மொதல்ல இருந்தது வந்துட்டா சரி. வரலேன்னா எங்கயோ ஒரு கன்னு கீழ விழுந்து கெடக்கு."

"ஏ புள்ள, இத எனக்கு யாருமே சொல்லலையே"என்றார் அண்ணன். பெருமையை விட்டுவிட்டுத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை ஓவர்சியர் முதல் நடையிலேயே எங்களோடு வந்துவிட்டார். அன்று ஒருத்திகூட விடுப்பு இல்லை. நாற்பத்திரண்டு. அக்கா முதல் கட்டத்தில் எழுதினாள். நான்கின் கால் நீண்டு கோட்டைத் தாண்டிவிட்டது.

மூன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. அந்த மாதங்களில் அங்கே நாலரைக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கும். ஓதம் இறங்கித் தண்ணீரும் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் வற்றினால் லாஞ்ச் அடி தட்டும். தங்கையா முதல் நடையை அவசரமாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏறிய ஒவ்வொரு தலையையும் அக்கா வாய்விட்டு எண்ணினாள். இருபத்தைந்து. இரண்டாம் கட்டத்தில் எழுதினாள். லாஞ்ச் அந்தக் கரையை எட்டித் திரும்பும் நேரத்தில், நின்றபடியே, ஜெட்டிக் கம்பத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் கட்டத்துக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் பென்சிலையே பார்த்தோம்.

நான்கு கட்டு, இரண்டு உதிரி. இரண்டில் ஐந்து இல்லை. நான்கை அடித்துவிட்டு மேலே மூன்று என்று எழுதினாள். ஒரு கட்டு அவிழ்ந்தது. உதிரி பன்னிரண்டு. அதில் ஐந்து எடுத்தால் ஏழு. மூன்று கட்டில் இரண்டு எடுத்தால் ஒன்று.

பதினேழு.

ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். பிறகு ஜெட்டியில் நின்ற எங்களை விரலால் எண்ணினார். அக்காவையும் சேர்த்துத்தான் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பதினாறு பேர்தாம்மா இருக்கீங்க."

அக்கா பென்சிலைக் காதில் செருகினாள். தானும் எண்ணினாள். பதினாறுதான்.

"ஒண்ணு பிசகிப்போச்சு"என்றார் ஓவர்சியர். சமாதானம் சொல்கிற குரல்தான். "பரவாயில்லை, நாலு நாள்ல இவ்வளவு கத்துக்கிட்டதே பெருசு. ஏழுங்கறதை அழிச்சிட்டு ஆறுன்னு எழுதிடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

அழிப்பான் அவள் கையிலேயே இருந்தது. கண்ணுகளா, யோசித்துப் பாருங்கள். ஏழு என்பதை ஆறாக்கினால் போதும், அவள் மேட். நாங்களும் அவளைப் பார்த்து, எழுது அக்கா, எழுது என்று கண்ணால் கெஞ்சினோம். அக்கா அழிப்பானை ஏழின்மேல் வைத்தாள். அழிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இருபத்தைந்தும் பதினேழும் நாற்பத்திரண்டு. இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று.

"சார், ஆறுன்னு எழுதினா காலையில நாப்பத்தோரு பேருதான் வந்திருக்கணும்"என்றாள். "நான் நாப்பத்திரண்டு எழுதினேன். நீங்களும் பாத்தீங்க."

"அப்ப முதல் நடையில இருபத்தாறு பேர் ஏறியிருப்பாங்க."

அதற்குள் "கித்னா பாக்கி, தீதி?" என்ற சத்தம் தண்ணீரில் கேட்டது. காலி லாஞ்ச் திரும்பி வந்துவிட்டது. அக்கா பதில் சொல்லாமல், எத்தனை பேரை இறக்கினீர்கள் என்று கேட்டாள்.

"பச்சீஸ். ரோஜ் பச்சீஸ். இருபத்தஞ்சுக்கு மேல ஏத்தினா என் லைசென்ஸ் என்ன ஆகுறது?"

"அப்ப பாக்கி பதினேழு. இங்க நிக்கிறது பதினாறு. யாருடி இல்ல?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். "சுசீலாவைக் காணோம்"என்றாள் மீனாம்பாள். நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது. "சுசீலா மொத நடையில ஏறியிருப்பா அக்கா. ஜெட்டிப் பக்கம் ஓடினத நான் என் கண்ணால பாத்தேன்"என்றேன்.

"பார்த்தவங்களே சொல்றாங்க"என்றார் ஓவர்சியர். "ஏறுங்க, ஏறுங்க. தண்ணி வத்துது."

பெண்கள் நகர்ந்தார்கள். அக்கா லாஞ்ச் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மடங்காத காலை விறைப்பாக ஊன்றிக்கொண்டு வழியில் நின்றாள்.

"ஜெயமணி. நீ பாத்தது மொகமா, முதுகா?"

நான் யோசித்தேன். நீலச் சேலை. ஓடுகிற கால். "முதுகு அக்கா"என்றேன்.

"நீலச் சேலை இன்னைக்கு மூணு பேரு கட்டியிருந்தாக. சார், என்னை மேட் ஆக்க வேணாம். வீட்டுலயே இருந்துக்கறேன். ஆனா எனக்குக் கணக்கு சரியா வந்திருக்கு. கட்டை அவுத்துப் போட்டும் பதினேழு, திரும்பக் கூட்டியும் சரியா இருக்கு. ஒரு பொண்ணு மேல தோட்டத்துல நிக்கிறா. அவ வராம இந்த லாஞ்ச் நகரக்கூடாது."

ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பத்து நிமிஷம்"என்றார்.

நான் ஓடினேன். பின்னால் மீனாம்பாளும் ஓடி வந்தாள். மேட்டைத் தாண்டி, கன்றுப் பாத்திகளைத் தாண்டி, "சுசீலா! சுசீலா!" என்று கத்தினேன். சில்வண்டுகள் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்தன. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நாலா என்று நாங்கள் சொல்லும் அந்த ஓடைப் பள்ளத்தின் விளிம்பில்தான் நீலம் தெரிந்தது. கீழே பாறைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கிப் பலாப்பிஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு காலிலும் அட்டை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மண்வெட்டியை மறந்துவிட்டு வந்தோமே என்று ஜெட்டிவரை ஓடினவள் திரும்பி மேலே வந்திருக்கிறாள். குறுக்கே வரும்போது பாறையில் கால் சறுக்கியிருக்கிறது.

"என்னை விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்"என்றாள், குரல் கொஞ்சம் வந்ததும்.

நான் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்திருந்தேன். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவள் ஒரு கையை என் தோளில் போட்டேன், மறு கையை மீனாம்பாள் தோளில். பாதித் தூரத்தில் ஓவர்சியரே எதிரே வந்தார், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு. மண்வெட்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

லாஞ்ச் ஒருமுறை அடி தட்டியது. தங்கையா கழியால் ஊன்றித் தள்ளினார். நகர்ந்துவிட்டது. எல்லோரும் ஏறியதும் அக்கா விரலை நீட்டி எண்ணினாள். என்னை எண்ணும்போது விரல் என் மூக்கில் இடித்தது. வேண்டுமென்றேதான் இடித்தாள் என்று நினைக்கிறேன். பதினேழு.

நடுக்கடலில் ஓவர்சியர் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். "அடுத்த வரியில எழுதி முடிச்சிடும்மா. மீதி பதினேழு. அதுல இப்ப திரும்பினது?"

"பதினேழு."

"பாக்கி?"

"யாரும் இல்லைங்க."

"எழுது."

அக்கா பென்சிலோடு விழித்தாள். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "யாரும் இல்லாததை எப்படிங்க எழுதுறது?"

"சைபர் போடு. காலியா விட்டா எண்ணவே இல்லைன்னு அர்த்தம். சைபர் போட்டா, எண்ணியாச்சு, எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்."

லாஞ்ச் அலையில் ஆடியது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு வட்டம் போட்டாள். ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் நசுங்கி வந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போடவா என்று கேட்டாள். ஓவர்சியர் வேண்டாம் என்று தலையாட்டி, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு ஏழு மணிக்குப் புத்தகத்தோட ஜெட்டியில நிக்கணும்"என்றார். "மேட் லேட்டா வரக்கூடாது."

லாஞ்சில் ஒரே கூச்சல். மீனாம்பாள் குலவையே போட்டுவிட்டாள். தங்கையா எதற்கென்று தெரியாமலே ஹாரன் அடித்தார். என் மடியில் வீங்கின காலை வைத்துக்கொண்டிருந்த சுசீலா கழுத்தை நீட்டிப் புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தச் சைபர்ல நானும் இருக்கேனா?"

"இருக்கடி. நட்டநடுவுல இருக்க. காலை ஆட்டாம உக்காரு."